பாட்டு நிற்கும் நேரம்

“உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல சும்மா வரைஞ்சு விட்டிருக்காங்களா?”

எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் அவளை இப்படிக் கேட்டார். வகுப்பே சிரித்தது. என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே அவள் நின்றாள். மணி அடித்து எல்லோரும் போன பிறகும் யோசித்தாள். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. ஒரு கட்டடம் முடிந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போகிற குடும்பம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பெயர் ரொம்ப நாள் ஒட்டியதில்லை. இப்போது அம்மாவோடு சித்தாள் வேலை. கூட வேலை செய்யும் பெண்கள் ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பாசமாகத்தான். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் தரைத்தளத்திலேயே அவர்கள் குடியிருந்தார்கள். கதவு வைக்காத அறை, வாசலுக்குக் கிழிந்த தார்ப்பாய். சிமெண்டு மூட்டைகளை அடுக்கியதில் ஒரு பக்கம் மறைவு. மூட்டை குறையக் குறைய அந்தச் சுவரும் குட்டையாகிக்கொண்டே வரும். புது லோடு வந்தால் மறுபடி வளரும். செங்கல் அடுப்பில் சோறு வேகும்போதே ஒரு தட்டால் மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் தூசி விழுந்து பல்லில் நறநறக்கும்.

மழை பெய்தால் தலைக்கு மேலே தளத்தில் ஒரு கோடு ஈரமாகும். பிறகு அந்தக் கோடு முழுக்கச் சொட்டும். படுக்கையை இழுத்து இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தளத்தைப் போட்டது அவள் அப்பாதான். கான்கிரீட் போடும் நாளன்று பாதியில் ஆள் போதாமல் நிறுத்திவிட்டு, மறுநாள் மீதியைப் போட்டார். பழசும் புதுசும் ஒட்டவில்லை. கீழே தாங்கியிருந்த பலகையைப் பிரித்ததும் கோடு தெரிந்துவிட்டது.

முதலாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்ன மேஸ்திரி, தளம் போடச் சொன்னா கோடு போட்டு வச்சிருக்க?” என்றார்.

“ஆளு ஓடிட்டாங்க முதலாளி.”

“ஆளு ஓடினா நான் குடை பிடிச்சுக்கிட்டு குடியிருக்கணுமா? இதோ பாரு. அடுத்த தளத்துல முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் உன் சட்டி பானையத் தூக்கிக்கிட்டு கிளம்பிடு. வேற ஆள் பார்த்தாச்சு.”

பார்த்தது உண்மைதான். ஒருநாள் முதலாளியோடு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மேஸ்திரி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லா அறையும் பார்த்தார். அவர்கள் படுக்கிற அறைக்குள்ளும் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்தார். மேலே கோட்டைப் பார்த்துவிட்டு, கீழே பாயைப் பார்த்துவிட்டு, “இங்க யாராவது இருக்கீங்களா?” என்று அம்மாவிடமே கேட்டார்.

“இல்ல, பொம்மை” என்றாள் அம்மா.

வேலை போனால் இருக்கிற இடமும் போகும். அடுத்த வேலை கையில் இல்லை. ஏற்கெனவே ஆட்களில் பாதிப் பேர் பாலம் கட்டுகிற வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நெட்டையக்கா, கடுகு, இன்னும் சில பெண்கள். தெரு ரொம்பக் குறுகல், பெரிய இயந்திரம் எதுவும் உள்ளே வராது. கீழே மிஷினில் கலவை ஆடும். அதை இரும்புச் சட்டியில் வாங்கி, சாரத்தில் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி இரண்டு மாடி உயரம் ஏற்ற வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது. மழைக்காலம் வேறு.

அப்பா எங்கெங்கோ அலைந்து ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். எந்த நாட்டுக்காரர்கள் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. பேசுவது ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆண்கள்தான், எல்லோரும் தலையில் ஒரே மாதிரி துணி கட்டியிருந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு முன்பல் ஒன்று இல்லை. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பார்த்த உடனே கடுகு அவருக்குக் கட்டைக்குரல் என்று பேர் வைத்துவிட்டாள்.

“இவங்ககிட்ட ‘கால் மேல சட்டி விழுது, தள்ளு’ன்னு எப்படிச் சொல்றது மேஸ்திரி?” என்று நெட்டையக்கா கேட்டாள்.

“விழுந்தா தானா தள்ளுவாங்க. போய் வேலையப் பாரு.”

அன்று சாயங்காலம் செங்கல் லாரி வந்தது. புது ஆட்கள்தான் இறக்கினார்கள். தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கட்டைக்குரல் ஒரு வரி பாடினார். எல்லோரும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு லேசாக ஆடினார்கள், யாரும் நகரவில்லை. வரி முடிந்து வாயை மூடினார். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் அத்தனை கல்லும் ஒன்றாகப் பறந்தது. ஒவ்வொன்றும் அடுத்தவர் கையில் போய் உட்கார்ந்தது. மறுபடி ஒரு வரி. மறுபடி சும்மா. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பாடும்போது வேலை செய்யாமல், பாட்டு நின்ற பிறகு வேலை செய்கிறார்களே என்று நினைத்தாள். யாரிடமாவது சொல்லலாம் என்றும் தோன்றியது. சொல்லவில்லை. அவள் எதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

சித்தாள் பெண்கள் பக்கத்தில் வழக்கம் வேறு. சட்டி ஏறும்போது பாட்டு நிற்கவே கூடாது. பாடுவது அம்மா. தளத்தின் விளிம்பில் நின்று பாடுவாள், அங்கிருந்து பார்த்தால் மொத்த வரிசையும் தெரியும். எவளுக்காவது தலை சுற்றினாலோ, பலகை நகர்ந்தாலோ அம்மா பாட்டை நிறுத்திவிடுவாள். மிஷின் போடுகிற சத்தத்தில் ‘நிறுத்து’ என்று கத்தினால் கேட்காது. பாட்டு நின்றது மட்டும் எல்லோருக்கும் கேட்கும். கேட்ட அடுத்த நொடி கையில் இருப்பதைக் காலடியில் வைத்துவிட வேண்டும். வேலைக்கு வரும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதான். பழகிப் பழகி, யோசிக்கும் முன்னே கை இறங்கிவிடும்.

ஆனால் அம்மாவுக்கு இந்த வருஷம் இருமல். சிமெண்டுத் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. வெந்நீர் குடித்தால் கொஞ்சம் இறங்கும், பேசினால் ஏறும்.

“நாளைக்கு முடியுமா உன்னால?” என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

“முடியாம? பின்ன யார் பாடுறது, நீங்களா?”

“நான் பாடினா கலவை மிஷினுக்குள்ளயே இறுகிடும்.”

அம்மா சிரிக்கப் போய் இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். அப்பா தட்டை வைத்துவிட்டு, வானம் பார்க்கப் போவது போல வெளியே போனார். மகள் தண்ணீரைச் சூடு பண்ணினாள்.

காலையில் காற்றே இல்லை. பிசுபிசுவென்று வியர்த்தது. எறும்புகள் சுவரோரமாக வரிசை கட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தன. “பாரு, அதுங்களுக்கு மேஸ்திரியே வேண்டாம்” என்றாள் கடுகு. யாரும் சிரிக்கவில்லை. எறும்பு மேலே ஏறினால் மழை என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா வரிசையைப் பிரித்தார். மிஷினிலிருந்து நடுச்சாரம் வரை புது ஆட்கள், அதற்கு மேலே தங்கள் பெண்கள். இரண்டு வரிசையும் சேருகிற இடத்தில் யார் நிற்பது என்று கேள்வி வந்தது. பாஷை தெரியாத ஆளிடமிருந்து சட்டியை வாங்க யாருக்கும் பிடிக்கவில்லை.

“ஊமைச்சி நிக்கட்டும். அவளுக்கு எந்த பாஷையா இருந்தா என்ன?” என்றாள் நெட்டையக்கா.

அவள் போய் நின்றாள். அவளுக்குக் கீழே நின்றது கட்டைக்குரல்தான்.

மிஷின் சுற்ற ஆரம்பித்தது. அம்மா மேலே இருந்து எடுத்தாள்.

“கைக்குக் கை மாறுது, கல்லும் மண்ணும் ஏறுது...”

பெண்கள் வாங்கிப் பாடினார்கள். மேல் வரிசை சரியாகத்தான் ஓடியது. கீழ் வரிசை திணறியது. புது ஆட்கள் சட்டியை வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருப்பது போல நிற்பதும், பிறகு திடுக்கிட்டுக் கொடுப்பதுமாக இருந்தார்கள். ஒருவர் கொடுக்கும்போது அடுத்தவர் திரும்பியிருந்தார். கலவை சிந்தியது. கட்டைக்குரல் அடிக்கடி மேலே அம்மாவைப் பார்த்தார்.

“வேலை தெரியாத பசங்களப் பிடிச்சுட்டு வந்துட்டாரு உங்கப்பா” என்றாள் அவளுக்கு மேலே நின்ற கடுகு. “ஒவ்வொருத்தனும் சட்டியக் கொஞ்சிக்கிட்டு நிக்கிறான்.”

அம்மா பாட்டிலேயே கேலி செய்தாள். “மேஸ்திரி மீசை நரைச்சுப் போச்சு, மேல்மாடி இன்னும் முளைக்கலையே...” தளத்தில் பலகையால் மட்டம் தட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கையை ஓங்கிக் காட்டினார். பெண்கள் சிரித்துக்கொண்டே பாடினார்கள். தளத்தில் பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது.

அடுத்த அடியை எடுத்த அம்மா பாதியில் இருமினாள். பாட்டு அறுந்தது.

மேலே இருந்த எல்லாப் பெண்களும் சட்டியைக் காலடியில் வைத்தார்கள். அவள் கையும் தானாக இறங்கியது. கீழே இருந்தவர்களுக்கோ காலையிலிருந்து காத்திருந்தது அப்போதுதான் கிடைத்தது. பாட்டு நின்றுவிட்டது! அத்தனை பேரும் ஒன்றாக, முழு பலத்தோடு சட்டியை வீசினார்கள். கட்டைக்குரல் வீசிய சட்டி அவள் முகத்துக்கு நேரே வந்தது. அங்கே கை இல்லை. அவள் தலையைச் சாய்த்தாள். சட்டி சாரக் கம்பில் மோதி, சுழன்று, கீழே போனது. ஒரு அலறல் கேட்டது. புது ஆட்களில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“பிள்ளை மூஞ்சியப் பார்த்து எறியிறான்!” என்று கடுகு கத்தினாள். “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? டேய் கட்டக்கொரலு!”

கீழே அவர்களும் கத்தினார்கள். கையை விரித்து, இறக்கி, மேலே காட்டி ஏதோ கேட்டார்கள். ஏன் கையை எடுத்தாய் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அடிபட்டவரின் தோள் வீங்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்ற இன்னொருவர் தன் தலைத்துணியை அவிழ்த்து உதறினார். கிளம்பப் போகிற ஆள் மாதிரி.

“போகச் சொல்லுங்க எல்லாரையும்!” என்றாள் நெட்டையக்கா. “இவங்களோட நின்னா நாளைக்கு நாம நாலு பேரு தூக்கித்தான் போவோம்.”

“போனா யாரு ஏத்துறது? நீ ஏத்துவியா?” அப்பா தளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார். “போட்ட கலவை இறுகிக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா பழையபடி கோடுதான். பார்த்துக்கிட்டே இருங்க, பார்த்துக்கிட்டே இருங்க எல்லாரும்!”

தூரத்தில் ஒரு முறை இடித்தது. முதல் காற்று வந்து சாரத்தில் கட்டியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தது. மிஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் மணலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். நேற்றே சொல்லியிருந்தால் அந்த ஆளின் தோள் நன்றாக இருந்திருக்கும். சாரத்தைப் பிடித்து ஏறி அம்மாவிடம் போனாள். அம்மா தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பேசும் நிலையில் இல்லை. அதுவே அவளுக்கு வசதியாகப் போனது.

“அம்மா, அவங்க வேணும்னு பண்ணல.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து கல்லு இறக்கினப்போ பார்த்தேன். பாடும்போது அவங்க கை குடுக்காது. பாட்டு நின்னாத்தான் குடுப்பாங்க. நமக்குப் பாட்டு நின்னா வை. அவங்களுக்குப் பாட்டு நின்னா வீசு. காலையில இருந்து நீ எப்ப நிறுத்துவேன்னு காத்துக்கிட்டு இருக்காங்கம்மா.”

இவ்வளவு நீளமாக அவள் பேசி அம்மா கேட்டதில்லை. கண்ணை மூடி, திறந்தாள். “நான்... நிறுத்தினா... நம்மாளுங்க வச்சிடுவாங்களே” என்றாள், மூச்சுக்கு ஒரு சொல்லாக.

“அவரு பாடட்டும். அவரு நிறுத்துற இடத்துல நீ பாடு. அவங்களுக்கு அது சும்மா இருக்கிற நேரம். நமக்குப் பாட்டு. ரெண்டு பேர் கையும் ஒரே நேரத்துல நீளும்.” கொஞ்சம் நிறுத்தி, “அவரு பாடுறப்போ நீ மூச்சு வாங்கிக்கலாம்” என்றாள்.

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு விளிம்புக்கு வந்து கடுகைக் கூப்பிட்டுச் சொன்னாள். கடுகு நெட்டையக்காவுக்குச் சொன்னாள், நெட்டையக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

“அவங்களுக்கு யாரு புரிய வைக்கிறது?”

அவள் இறங்கிப் போனாள். கட்டைக்குரல் அடிபட்டவரின் தோளில் ஈரத்துணியை வைத்துக்கொண்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஒரு காலிச் சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள். நின்றுகொண்டே இருப்பது மட்டும் அவளுக்கு நன்றாகவே வரும். கடைசியில் வாங்கிக்கொண்டார். தன் வாயைத் தொட்டு, அவரைக் காட்டினாள். பாடுங்கள். அவர் அவளை முறைத்தார். பிறகு வேண்டாவெறுப்பாக நேற்றைய வரியைப் பாடினார். நிறுத்தினார். அந்த நொடியில் அவள் மேலே கை காட்டினாள்.

“ஏந்து ஏந்து ஏந்தம்மா!” என்று அம்மாவின் குரல் வந்தது.

அவர் கையிலிருந்த சட்டி அவரை அறியாமல் நகர்ந்தது. அவள் கையும் அவளை அறியாமல் வாங்கியது. காலிச் சட்டி இரண்டு பேர் கையிலும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், மேலே பார்த்தார். பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார். திரும்பி, தன் ஆட்களைப் பார்த்து ஏதோ அதட்டினார். தலைத்துணியை அவிழ்த்தவர் மறுபடி கட்டிக்கொண்டார்.

அவளும் அவரும் சாரத்தில் தங்கள் இடத்துக்கு ஏறினார்கள். மிஷின்காரர் கலவையைக் கவிழ்த்தார். கட்டைக்குரல் ஒரு வரி. எல்லாச் சட்டியும் ஆடியது. அவர் நிறுத்த, மேலே பெண்கள் ஒரு வரி, எல்லாச் சட்டியும் ஒரு படி ஏறியது. முதலில் கொஞ்சம் தடுமாற்றம்தான், பெண்கள் அவசரப்பட்டார்கள். பிறகு கை பிடித்துக்கொண்டது. காலையில் ஏறிய வேகமே வேறு, இது வேறு. சட்டி கனம் குறைந்துவிட்டது போல வந்து வந்து உட்கார்ந்தது.

“என்ன அர்த்தம்டி அவன் பாட்டுக்கு?” என்று கேட்டாள் நெட்டையக்கா, இரண்டு சட்டிக்கு நடுவில்.

“நம்மளத் திட்டுறானோ என்னமோ” என்றாள் கடுகு.

“திட்டட்டும். தாளத்துல திட்டுறானே!”

மேலே அப்பா, இறுகத் தொடங்கியிருந்த விளிம்பைக் கரண்டியால் கீறிக் கீறி, புதுக் கலவையை அதில் குத்தி இறக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு மேலே வருகிற இடம் அது. அங்கேதான் வேலை நின்றது. அந்த இடம் அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வானம் இருட்டிவிட்டது. தளத்தில் கடைசி மூலை மட்டும் மிச்சம் இருந்தபோது தூறல் விழுந்தது. தார்ப்பாயை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மேலே ஓடினார்கள். கட்டைக்குரல் வரியை முடித்தார். மேலே இருந்து பதில் வரவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். அம்மா குனிந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். கடுகின் கை இறங்கப் போவது தெரிந்தது. சட்டி கீழே இருந்து கிளம்பிவிட்டது.

“ஏந்து!” என்றாள் அவள்.

பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. பாத்திரத்தைத் தரையில் இழுத்தது போல இருந்தது. ஆனால் சத்தம் வந்தது. கடுகின் கை மேலேயே நின்றது, சட்டி கை மாறியது. அடுத்த இடைவெளியிலும் “ஏந்து, ஏந்து” என்றாள். வேறு சொல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமான அத்தனை பாட்டும் எங்கேயோ போய்விட்டது. அதற்குள் நெட்டையக்கா வாங்கிக்கொண்டாள், பிறகு எல்லோரும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசிச் சட்டி ஏறியதும் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். மழை கொட்டியது. எல்லோரும் கீழே அவர்களுடைய அறைக்குள் ஒதுங்கினார்கள். புது ஆட்கள் தங்கள் ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் நீட்டினார்கள். அம்மா பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தாள். அடிபட்டவருக்கு முதல் டம்ளர். அவர் அடிபடாத கையால் வாங்கிக்கொண்டார், அவள் பக்கம் பார்க்கவில்லை. மேலே பழைய கோடு ஈரமாகிச் சொட்ட ஆரம்பித்தது. கட்டைக்குரல் அண்ணாந்து பார்த்துவிட்டு, சொட்டுக்கு நேராக இருந்த தன் காலை நகர்த்திக்கொண்டார்.

பலகை பிரிக்கும் நாள்வரை வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. அப்பா காலையும் மாலையும் தளத்தில் தண்ணீர் தேக்கிவிட்டு, அங்கேயே குந்தியிருப்பார். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள் மகள். தூசிப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். “அப்ப எந்தப் பக்கம் போறது?” என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். புது ஆட்கள் அடுத்த தெருவில் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். சில நேரம் காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்தக் குரல் கேட்கும். ஒரு வரி, பிறகு சும்மா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மா அந்தச் சும்மா இருக்கும் இடத்தில் மெதுவாக வாயசைப்பாள். “நீ இங்க பாடினா அவனுக்குக் கேக்குமா?” என்று அப்பா ஒருமுறை எரிந்து விழுந்தார். “எனக்குக் கேக்குதே” என்றாள் அம்மா.

பலகை பிரிக்கிற அன்று முதலாளி வந்தார். கூடவே வெள்ளைச் சட்டை மேஸ்திரி. கையில் டார்ச், சின்னச் சுத்தியல், ஒரு நீளக் குச்சி. தார்ப்பாய் மறைவுக்கு வெளியே அவருடைய ஆட்கள் இரண்டு பேர் சாமான்களோடு வந்து நின்றிருந்தார்கள்.

“சாமானே இறக்கிட்டாங்கடி” என்று கடுகு கிசுகிசுத்தாள். “அந்த ஆளு ஒரு கோட்டுக்காகத்தான் வந்திருக்கான். அது கிடைச்சா இன்னிக்கே நம்ம அடுப்ப அணைச்சிடுவான்.”

எல்லோரும் மேல்மாடிக்கு ஏறிப்போய் புதுத் தளத்துக்கு அடியில் நின்றார்கள். ஒவ்வொரு பலகையாக விழுந்தது. சாம்பல் நிறத்தில் தளம் தெரியத் தெரிய, அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா மூடவில்லை. மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

வெள்ளைச் சட்டை மேஸ்திரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மூலையில் ஆரம்பித்தார். டார்ச்சை அடித்து, குச்சியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். ஒவ்வொரு முழமாக நகர்ந்தார். “என்னய்யா, எப்படி?” என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். “சொல்லேன்யா.” அவர் டார்ச்சை மட்டும் நகர்த்தினார். ஜன்னலுக்கு மேலே வந்ததும் நின்றார். ஆளுக்கு அனுபவம் இருக்கிறது, வேலை எங்கே நின்றிருக்கும் என்று தெரிந்திருக்கிறது. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினார். டார்ச்சை நேராக அடித்தார், சாய்த்து அடித்தார். கட்டைவிரலை அழுத்தி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை மெதுவாக இழுத்தார். திரும்ப இழுத்தார். சுத்தியலால் தட்டினார். ஒரே சத்தம்தான் வந்தது, அங்கேயும் இங்கேயும்.

“இருக்கா இல்லையா? அதையாவது சொல்லுய்யா” என்றார் முதலாளி.

அவர் விரலில் ஒட்டிய சிமெண்டுப் பொடியை ஊதினார். பெட்டியிலிருந்து இறங்கி, அதை இருந்த இடத்திலேயே நகர்த்தி வைத்தார். டார்ச்சை அணைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தன் ஆட்களுக்குச் சாமானைத் தூக்கச் சொல்லித் தலையை மட்டும் அசைத்துவிட்டு, படியில் இறங்கிப் போய்விட்டார்.